முதுகில் மூணு கோடு

டீ போதும் இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனா குடிச்சிடலாம். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டீங்க. ஈயிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு ஒழுங்காத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

நான் கால்நடை ஆய்வகத்துல வேலை பார்க்கிறேன். ஆடு மாட்டுப் புண்ணுல எடுத்த புழு குப்பியில வரும், எந்த ஈயோட புழுன்னு நான் சொல்லணும். "இவ்வளவு படிச்சு, கடைசியில உக்காந்து ஈ ஓட்டுறான் பாரு"ன்னு எங்கண்ணன் வாரிக்கிட்டே இருப்பார். அப்பா போனப்புறம் என்னை ஆளாக்கினவரே அவர்தான். அவர்னா எனக்கு உயிர்.

ரெண்டு ஈ இருக்கு சார். ரெண்டும் நீலப்பச்சையா மினுங்கும், ரெண்டுக்கும் முதுகுல மூணு கோடு. ஒண்ணு குப்பைமேட்டுல, செத்த உடம்புல முட்டை போடும். அதனால யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொண்ணு திருகுப்புழு ஈ. நடுக்கோடு மட்டும் குட்டை. அதுக்கு உயிரோட இருக்கிற சதைதான் வேணும். பிஞ்சுப் புழுவுல வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். நல்லா முத்தினாத்தான் திருகுப்புழுவுக்கு மட்டும் பின்பக்கம் மூச்சுக்குழாய் ரெண்டும் கறுத்துத் தெரியும்.

போன வருஷம் பிஞ்சுப் புழுவைப் பார்த்துட்டு திருகுப்புழுன்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். மாட்டுச்சந்தையையே மூடினாங்க. பார்த்தா குப்பைமேட்டு ஈ. "இனிமே முத்தின புழு இல்லாம என் ரூமுக்கு வராதீங்க"ன்னு மேலதிகாரி எல்லார் முன்னாடியும் சொன்னார். அதுக்கப்புறம் நான் காரிடார்ல நடந்தா 'ஙொய்'னு சத்தம் போட ஆரம்பிச்சாங்க. வெக்கமா இருந்துச்சு சார்.

அண்ணன் பக்கவாதத்துல விழுந்து எங்க வீட்டுப் பின்னறையில கிடந்தார். பேச்சு போயிடுச்சு. குதிகால்ல படுக்கைப்புண். என் மனைவிக்கு ரத்தம் பார்த்தா மயக்கம் வரும், அதனால கட்டு மாத்துறது நான். ஒருநாள் கட்டு மேல அந்த ஈ உக்காந்திருந்தது. நடுக்கோடு குட்டை மாதிரி இருந்தது. மாதிரிதான். பிடிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியாப் போயிடுச்சு.

புண் ஓரத்துல வெள்ளையா முட்டை ஒட்டியிருந்தது. ஈரத்துணியால ஒரு துடை துடைச்சிருந்தா தீர்ந்திருக்கும். ஆனா முட்டையைக் கொண்டுபோய்க் காட்டினா என்ன சொல்லுவாங்க? ஆய்வகத்துல வச்சு வளர்க்கலாம்னா, புழு வளர்க்கிற பெட்டி ரிப்பேர். இந்தப் பக்கத்து ஆடு மாடெல்லாம் என்ன கதியாகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதனால கட்டைக் கொஞ்சம் தளர்வாப் போட்டேன். புழுவுக்குக் காத்து வேணும்.

"என்னங்க, உங்க அண்ணன் முனகிக்கிட்டே இருக்கார். டாக்டரைக் கூப்பிடலாமா?"ன்னு மனைவி கேட்டா.

"புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும்"னேன்.

காய்ச்சல் வந்துச்சு. அறைக்குள்ள ஒரே நாத்தம். நான் வெளியில நின்னு அழுதேன் சார், பொய் சொல்லல. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறதைத் தவிர வேற வழி இல்லை. புழு வளர்றதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

கடைசியில முத்திச்சு. எடுத்துட்டுப் போனேன். திருகுப்புழுதான். மேலதிகாரி எழுந்து நின்னு கை கொடுத்தார். சுத்துவட்டாரம் பூரா மாட்டுக்கொட்டகையில மருந்தடிச்சாங்க, கால்நடையெல்லாம் தப்பிச்சது. புழுவைக் காட்டின அன்னைக்கு சாயங்காலமே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு, கொண்டுவர்ற நிலைமையா இதுன்னு டாக்டர் என்னைத்தான் திட்டினார். விடியறதுக்குள்ள அண்ணன் போயிட்டார்.

பேச்சில்லாத மனுஷன், அவருக்கு வலிச்சது எனக்கெப்படித் தெரியும்னு மனைவிகிட்ட சொன்னேன். நேத்து உங்க ஆளுங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன். அது மட்டும் சரியில்லை, திருத்திக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் கட்டைப் பிரிச்சப்போ, அவர் என் கையைப் பிடிச்சு, "எடுத்துடுடா"ன்னார். குழறல் இல்லை, தெளிவாச் சொன்னார்.

குனிஞ்சு பார்த்தேன். மூச்சுக்குழாய் பாதிதான் கறுத்திருந்தது. "நாளைக்கு எடுத்துடலாம்ணா"ன்னு சொல்லி, அவர் விரலை ஒவ்வொண்ணா விடுவிச்சுட்டு, மறுபடியும் கட்டினேன்.