இன்னும் ஒரே ஒரு தடவை ஆன் பண்ணலாம்

ஹலோ... ஹலோ... கேக்குதாம்மா? சித்தப்பாதான். ஆமா, ஆமா, ஆஸ்பத்திரியிலதான். உன் சித்திக்குப் பச்சை கவுனை மாட்டி உட்கார வச்சிருக்காங்க. கிளி மாதிரி இருக்கேன்னு சொன்னேன், அடிக்க வந்தா... ஆமா, ஆபரேஷன் இன்னிக்குத்தான். விஷயம் அதில்லை. லேப்டாப் மண்டையைப் போட்டுடுச்சு. சித்தியோட பழைய ஸ்கேன் படம் அதுலதான் இருக்கு.

...லைட் எரியுது. திரைதான் கறுப்பு. 'பூட் டிவைஸ் இல்லை'ங்குது. டிஸ்க்கை வயித்துக்குள்ளேயே வச்சுக்கிட்டு இல்லைங்குது பாரு, என்ன கொழுப்பு!

...எஃப் டூவா? ஆயிரம் தடவை அமுக்கிட்டேன்... சரி சரி, ஒரு நாலு தடவை. லிஸ்ட் வருது. டிஸ்க் பேர் இருக்கவேண்டிய இடத்துல... ஒண்ணுமில்லை. காலி.

...சத்தமா? வருதே! ரயில் இன்ஜின் மாதிரி வருது. மாடி பூரா கேக்குது, வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு... இல்லை, வரலை. சும்மா சொன்னேன்... கத்தாதே, நெசத்தையே சொல்றேன். இரு, காதை வச்சுப் பார்க்கறேன்... டிக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டிக். ரொம்பச் சன்னமா.

...டிக்குன்னா டிஸ்க் உள்ளே அடிபட்டிருக்குன்னு அர்த்தமா?

...கீழே விழலை. இறங்குச்சு... நாற்காலியிலேர்ந்து தரைக்கு... இல்லை, மெதுவால்லாம் இல்லை. ஓடிக்கிட்டு இருந்தப்பதான். குளியலறையில உன் சித்தி மயங்கி விழுந்த சத்தம் கேட்டுது, எழுந்து ஓடினேன், ஒயர் கால்ல மாட்டிக்கிச்சு... ஆமா, எல்லாத்தையும் ஊதிப் பெருசாக்கற மனுஷன் இதை மட்டும் சுருக்கிட்டேன். திட்டிக்கோ.

...சரி. அணைச்சுட்டேன்.

...ஸ்கேன் சிடியா? அது... பால்கனியில தொங்குது. புறா வராம இருக்க நூல்ல கட்டி விட்டேன். அதான் லேப்டாப்புல ஏத்தியாச்சேன்னு... ஆமா, வெயில்லதான். மழையிலயும். புறா இப்பவும் வருது, அதுல முகம் பார்த்துட்டுப் போகுது... சிரிப்பு வரலையா? எனக்கும் வரலை.

...ஸ்கேன் எடுத்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியையே இழுத்து மூடிட்டாங்கம்மா. யார்கிட்டப் போய்க் கேக்கறது?

...டாக்டரம்மா சொன்னது இதுதான். பழைய படத்துல இருந்த அளவுலயே கட்டி இருந்தா, அதை மட்டும் செதுக்கி எடுத்துடுவாங்களாம். வளர்ந்திருந்தா கிட்னியையே எடுக்கணுமாம். படம் இல்லைன்னா வளர்ந்ததாத்தான் வச்சுக்குவாங்களாம்... அதான், அதேதான். இன்னொரு கிட்னி ஏற்கெனவே நொண்டி அடிக்குது.

...டிஸ்க்கைப் பிரிச்சுப் படத்தை மீட்கற லேபுல ஒரு வாரமா? இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ளே கொண்டுபோறாங்க கண்ணு.

...ம்... ம்... இன்னும் ஒரே ஒரு தடவை ஆன் பண்ணலாம். அதுலயே உள்ளே சுரண்டி அழிஞ்சாலும் அழிஞ்சுடும். அப்புறம் லேபுலயும் ஒண்ணும் பண்ண முடியாது. புரியுது... நீ குடுத்த பென்டிரைவ் பையிலதான் இருக்கு, அதை வச்சுக் கிளப்பறேன்... நீ சொல்லவேண்டாம். நான்தான் முடிவு பண்றேன், உன் மேல பழி வராது.

...வந்துடுச்சு! டிஸ்க் பேர் வந்துடுச்சு! உனக்கு நாலு தெருவுலயும் சிலை வைக்கறேன்! ஸ்கேன் ஃபோல்டர் தெரியுது... காப்பி குடுத்துட்டேன். பச்சைக் கோடு நகருது... நகருது... நகருதும்மா...

...நின்னுடுச்சு.

...இல்லை, டிக்கும் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை... பென்டிரைவுலயா? இரு... அவ பேர், வயசு, தேதி போட்ட முதல் பக்கம் மட்டும் வந்திருக்கு. கட்டி தெரியற படம் ஒண்ணுகூட வரலை... நெசமாத்தாம்மா. கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை.

...இரு, ஸ்ட்ரெச்சர் வருது. சிஸ்டர், டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க, பழைய படம் கிடைக்கலை... ஆமாங்க. இனிமே கிடைக்காது.

...லைன்லதான் இருக்கேன். உன் சித்தி கையை நீட்டறா. என்ன ஆச்சுன்னு கேக்கறா... கிடைக்கலைடி. சத்தியமா. ஒண்ணுமே கிடைக்கலை.

...கேக்குதாம்மா அவ சத்தம்? சிரிக்கறா. நம்ப மாட்டேங்கறா. விளையாடறேனாம். 'போதும் உங்க நாடகம், படத்தை டாக்டர்கிட்ட குடுங்க'ங்கறா... கன்னத்தைக் கிள்ளிட்டுச் சிரிச்சுக்கிட்டே போறா...

சிஸ்டர், சிஸ்டர்... லிஃப்டைப் பிடிங்க, ஒரு நிமிஷம்... நான் அப்புறம் பேசறேம்மா.