உறுத்தாத ஹெட்போன்

பிப்ரவரி பதினோராம் தேதி காலை, பாபநாசத்துக்கு மேற்கே, தஞ்சாவூர் சாலையில் எங்கள் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது.

ஹெட்போன் வாங்குகிறவர்கள் வெளிச்சத்தத்தை எவ்வளவு குறைக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். உறுத்துகிறதா என்று பார்ப்பதில்லை. என் தம்பி பிரிட்டோவுக்கு முதலில் வாங்கியது நெற்றிப்பொட்டில் அழுத்தியது, வாய்க்காலில் எறிந்துவிட்டான். அடுத்ததில் காது வியர்த்தது. மூன்றாவதை நன்றாக விசாரித்து, படித்துத் தேர்ந்தெடுத்தேன். எடை குறைவு, மெத்தென்ற பஞ்சு. போட்டதும் சிரித்தான்.

"அக்கா, இப்பதான் ஊரே வாய மூடியிருக்கு."

அதன்பின் அவன் அதைக் கழற்றவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

சிறுவயதிலிருந்தே அவனுக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசிலுக்கே சுவரில் தலையை மோதிக்கொள்வான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன். தரங்கம்பாடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தெருவில் யாரோ வெடி போட, அவன் தன் கையையே ரத்தம் வரக் கடித்துக்கொண்டான். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணு சரிதாங்க. சீதனமா தம்பியும் வருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பிக்கு ஒரு வழி செய்துவிட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்று மாப்பிள்ளை போகும்போது சொன்னார். நல்ல மனிதர்.

சாலையில் நெல் காயப்போடுகிற நாங்கள் அதைக் காலால் துழாவியபடியே நடப்போம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் ஹாரன் கேட்டால் ஒதுங்குவோம். ஓட்டுநர்களும் அதை நம்பித்தான் வருகிறார்கள். ஹாரனுக்குப் பயந்து அந்தப் பக்கமே வராதவன் பிரிட்டோ. அன்று கூப்பிட்டதும் வந்தான். சாலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. படித்திருந்தேன்.

கூட வேலை செய்த மலர்க்கொடியை டீ வாங்க அனுப்பினேன். வண்டி ஏறாமல் இருக்க நெல்லின் ஓரமாக வைக்கும் கற்களை அன்று வைக்கவில்லை. வண்டி வரும் பக்கத்துக்கு முதுகு இருக்கும்படி அவனை நிறுத்தி, மெதுவாகத் துழாவிக்கொண்டே போகும்படி கையால் காட்டினேன். தலையாட்டினான்.

லாரி ஓட்டுநர் துரைராசு ஹாரன் அடித்தார். விடாமல் அடித்தார். ஐயா, இந்த ஸ்டேஷனில் நீங்கள் அவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகுட்டிக்காரர், அவரை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

பிரிட்டோ அங்கேயே இறந்தான். அந்தச் சத்தம் அவனைத் துன்புறுத்தவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.