ரேடியோவில் காய்ந்த சாலை

"ரேடியோவுல ரோடு காஞ்சுல்ல கெடக்கு!"

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பஸ், டயர் முங்கும் வெள்ளத்தில் நின்றுவிட்டபோது, எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மாள் இப்படிச் சீறினார். மடியில் பத்தியச் சோற்றுத் தூக்கு.

பக்கத்தில் இருந்தவர் சமாதானப்படுத்தினார். "அது காலையிலேயே டேப்புல பிடிச்சு வச்சதுலா, அக்கா. மத்தியானம் அதையே போட்டு விடுறாங்க."

"அப்ப எதுக்கு 'சற்றுமுன் கிடைத்த செய்தி'ங்கிறான்? அவனை நம்பித்தானே கெளம்புனேன்! ஆஸ்பத்திரியில எம்மக பிள்ளை பெத்துட்டு இந்தச் சோத்துக்குக் காத்துக் கெடக்கா!"

டிரைவர் ரேடியோவைத் திருகினார். அதே குரல்: "சற்றுமுன் கிடைத்த செய்தி. கோலா கங்சார் சாலையில் போக்குவரத்துத் தடையில்லை."

அம்மாள் தூக்கோடு எழுந்தார்.

"அந்த டேப்பக் கொண்டாந்து இந்தத் தண்ணி மேல விரிக்கச் சொல்லுங்க. நான் நடந்தே போயிக்கிறேன்!"