இஸ்திரி போட்ட நீலக் கொடி

எனக்குத் துணி துவைப்பது பிடிக்கும். என் நீலக் கொடியைக்கூட ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வருவேன். கான்சாஸில் எங்கள் ரயில் யார்டில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

பெட்டிக்கு அடியில் வேலை செய்யப் போகிறவர் தண்டவாளத்தின் நடுவே நீலக் கொடியை நட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கொடி நிற்கும்வரை எந்த எஞ்சினும் அந்தப் பெட்டியைத் தொடாது. நட்டவரே அதைப் பிடுங்க வேண்டும். யார்டு அதிகாரிகூடக் கைவைக்கக் கூடாது. இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. விசாரிக்க வந்திருக்கும் ஐயா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆண்கள் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போனபோது என்னை வேலைக்கு எடுத்தார்கள். பிரேக் பார்ப்பது எனக்குச் சீக்கிரமே கைவந்தது. சண்டை முடிந்து லீலண்ட் பிக்கெட் திரும்பி வந்தான். நல்ல வேலைக்காரன்தான். ஆனால் ஆளுக்கொரு கொடி என்று விதி இருந்தும், அவன் மட்டும் தன் கொடியை நட்டதே இல்லை.

“ஏ வெர்னா, துணி காயப்போடறது பொம்பள வேலைதானே? எனக்கும் சேத்து நீயே போட்டுடு,” என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், சிகாகோ போகிற வண்டியின் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவன் மல்லாந்து படுத்தபடியே சொன்னான்.

“அதிகாரிகிட்ட பேசிட்டேன் அம்மணி. ரெண்டு பேர் வேலையையும் நானே பாத்துக்கறேன்னுட்டேன். திங்கக்கெழமைலேருந்து நீ வீட்ல ஹாயா கேக் சுட்டுக்கிட்டு இருக்கலாம்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“சரின்னாரு. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. அந்தப் பெரிய ஸ்பேனர இப்படித் தள்ளு.”

தள்ளினேன். என் பங்கு வேலை முடிந்திருந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு என் கொடியைப் பிடுங்கினேன். வேலை முடிந்தால் கொடியை எடுத்துவிட வேண்டும் என்பதும் விதிதான்.

சற்றுத் தள்ளி எஞ்சின் காத்திருந்தது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, “எல்லாரும் வெளிய வந்தாச்சா?” என்று கேட்டார். வரலாம் என்று கையை மட்டும் வீசினேன்.

எஞ்சின் இடித்ததில் பெட்டி கொஞ்ச தூரம்தான் நகர்ந்தது. லீலண்ட் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். குனிந்து பார்த்தேன். சக்கரம் அவன் இடுப்பில் ஏறியிருந்தது. கையை நீட்டி, “இழு வெர்னா, இழு,” என்றான். கேட்டானே என்று இழுத்தேன். மேல்பாதிதான் வந்தது.

அதிகாரி ஓடி வந்து பார்த்துவிட்டு, தண்டவாளத்தின் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, வேறு ஆள் இல்லை, திங்கட்கிழமை வழக்கம்போல் வந்துவிடு என்றார்.

என் கொடியில் ரத்தம் தெறித்திருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், போய்விட்டது. திங்கட்கிழமை அதே கொடியோடு வேலைக்குப் போனேன்.

எஞ்சினுக்குக் கை காட்டியது நான்தான். அவன் அடியில் இருக்கிறான் என்று தெரிந்துதான் காட்டினேன். ஆனால் நான் பிடுங்கியது என் கொடியை. அவன் கொடி எங்கே போயிற்று என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே, ஐயா.