கைராசி

நீங்கள் விரலில் எச்சில் தொட்டுக் காகிதம் புரட்டுகிறீர்கள் சார். குறை சொல்லவில்லை, பலரும் செய்வதுதான். அந்த ஈர ஓரத்தை மட்டும் என் பக்கம் தள்ளாமல் வைத்துக்கொண்டால் என்னால் நிதானமாகப் பேச முடியும்.

அக்காவுக்கும் அதே பழக்கம். என் கூடப் பிறந்தவள் இல்லை. ஆய்வகத்தில் எனக்கு முன்பே சேர்ந்தவள், அதனால் எல்லாருக்கும் அக்கா. கைராசி அக்கா என்றுதான் சொல்வார்கள். எங்கள் வேலை அப்படி. புரதம் ஒரு நீளமான இழை. சரியாக மடிந்தால்தான் அதற்கு உயிர். அந்த மடிப்பைப் பார்க்க வேண்டுமானால் புரதத்தைப் படிகமாக்க வேண்டும். குழிகள் உள்ள தட்டில் துளித்துளியாக விட்டு, மூடிவைத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். முக்கால்வாசி வராது. ஒரே புரதம், ஒரே உப்பு, நான் விட்டால் சளி மாதிரி கலங்கி நிற்கும். அவள் விட்டால் படிகம் வரும். அதற்குப் பெயர் கைராசியாம். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பேசுகிற பேச்சு இது.

அந்தக் கையை நீங்கள் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து நகத்தால் பல்லிடுக்கைக் குடைவாள். அதே விரலை நாக்கில் வைத்து எடுத்து, தட்டில் ஒட்டும் பெயர்ச்சீட்டைச் சீட்டுக்கட்டிலிருந்து உரிப்பாள். கையுறை போட்டால் சீட்டு அதிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று வெறும் கையோடுதான் அந்த வேலை. நாக்குக்கும் விரலுக்கும் நடுவில் எச்சில் நூலாக நீளும். அந்தச் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு புளித்த வாடை வரும். அடுத்த மேசை என்னுடையது. குமட்டலை விழுங்கிக்கொண்டுதான் என் ஆராய்ச்சி முழுவதும் நடந்தது.

"எச்சில் தொடாம எடுங்களேன்க்கா" என்று ஒருமுறை சொன்னேன்.

"என் எச்சில்லதான்டா ராசியே இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

என்னுடையது மூளையில் இருக்கும் ஒரு புரதம். அது சில சமயம் தப்பாக மடியும், மடிந்தால் மூளை அரித்துப்போகும். தப்பாக மடிந்தது பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன்னைப்போலவே மடித்துவிடும். அதாவது தொற்றும். இதுதான் நான் சொன்னது. கண்ணாடிக் குழாயில் நடத்தியும் காட்டினேன். பேராசிரியர் படிகம் கேட்டார். என் கைக்கு வரவே இல்லை.

அக்காதான் தானாக முன்வந்தாள். "குடுடா தம்பி, ஒரு தட்டு நான் போட்டுப் பாக்கறேன். படிப்பு எப்ப முடியும்னு உங்கம்மா கேட்டுட்டே இருக்காங்கல்ல."

வந்தது. கண்ணாடித் துண்டு போலத் தெளிவான படிகம். அதில் தெரிந்தது நல்ல மடிப்பு மட்டும்தான்.

"தொத்துது கித்துதுங்கிறதெல்லாம் உன் கற்பனைப்பா" என்றார் பேராசிரியர். "குழாய்ல நடக்கறது உடம்புல நடக்கணும்னு இல்ல. அதை விட்டுட்டு அக்கா எடுத்த படிகத்தை வெச்சு எழுது. பட்டம் வந்துரும்."

அவள் எச்சிலில் விளைந்ததை நான் என் பெயரில் எழுத வேண்டும். கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். அக்கா ஓடிவந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள், அதே கையால்.

மறுநாள் இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டேன். தப்பாக மடிந்த புரதத்தை அவளுடைய சீட்டுக்கட்டின் ஓரத்தில் தடவி உலரவிட்டேன். அவள் வந்தாள், நாக்கைத் தொட்டாள், சீட்டை உரித்தாள், மறுபடி நாக்கைத் தொட்டாள். நான் எதையும் ஊட்டவில்லை சார். சுத்தமாக இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வாய்வழியாகப் போவது லேசில் பிடிக்காது என்பார்கள். அதனால் புதுக்கட்டு பிரிக்கும்போதெல்லாம் தடவிவைத்தேன். பேராசிரியர் சொன்னபடியே எழுதிப் பட்டம் வாங்கினேன், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். நன்றியுள்ள பையன் என்றார்கள்.

இதற்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். முதலில் அவள் விடும் துளி குழிக்கு வெளியே விழுந்தது. "கண்ணாடி மாத்தணும்டா" என்றாள். பிறகு கோப்பை கையில் நிற்கவில்லை. போகப்போக யார் பெயரும் நினைவில்லாமல் போய், எல்லாரையும் தம்பி என்றாள். அக்காவின் கைராசி போய்விட்டதே என்று ஆய்வகத்தில் வருத்தப்பட்டார்கள். மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது, அவள் அம்மா துடைத்துக்கொண்டே இருந்தார். என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

என்ன நோய் என்றே டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். இல்லாவிட்டால் அவள் செத்ததும் வேறு ஏதோ நோயின் பெயரை எழுதி எரித்துவிடுவார்கள்.

பொறாமை என்று எழுதுகிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். எனக்கு அசுத்தம் ஆகாது, அவ்வளவுதான். பட்டமெல்லாம் இதில் வரவே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் போன பிறகு மூளையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அந்தப் புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பேராசிரியரும் கூட இருக்கட்டும். எடுப்பவர் கட்டாயம் கையுறை போட வேண்டும். அது என்னுடையது சார், அதிலாவது யார் எச்சிலும் படக் கூடாது.