பெயரில்லாத பக்கம்

டாக்டரம்மா, நீங்கள் கொடுத்த ஒரு தாள் போதாது என்று நினைக்கிறேன். என் எழுத்து கொஞ்சம் பெரிது. கிறுக்கலான மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்துக் கண் கெட்டவன், மற்றவர்களாவது சிரமப்பட வேண்டாமே என்று பெரிதாக எழுதிப் பழகிவிட்டேன். நர்ஸம்மாவிடம் கேட்டு இன்னும் நாலு தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். என் மனைவி கவிதா இத்தனை வருஷமாக என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்பது ஒன்று. பத்து நாளில் தேறி எழுந்து உட்கார்ந்தவள், பதின்மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோய் எப்படி விழுந்தாள் என்பது இன்னொன்று. நேரில் கேட்டபோது நான் பேசாமல் நின்றேன். “பேச வரலைன்னா எழுதியாவது குடுங்க, நேரமில்லை” என்றீர்கள். கவிதாவின் அண்ணன் பூபதி வராந்தாவில் உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும்.

மருந்தின் பெயரைக் கடைசித் தாளில் எழுதுகிறேன். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் குழந்தைசாமி. மருந்தாளுநர் படிப்பு படித்தவன். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் மருந்துக்கடை. பின்பக்கமே வீடு. கிழங்கு தோண்டுகிறவர்களும் மிளகுக்கு மரமேறுகிறவர்களும் உடம்பு வலி என்று வருவார்கள். யாருக்கும் முழு அட்டை கொடுக்கிற வழக்கமில்லை. கத்தரிக்கோலால் இரண்டு மூன்று மாத்திரை மட்டும் வெட்டி, காலண்டர் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே நின்றுவிடும். காலையில் இது, மதியம் இது என்று வாயால் சொன்னால் போதும். மலையில் எல்லாக் கடையிலும் இதுதான் முறை. என்னை டாக்டரு என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வேண்டாமென்று சொன்னதில்லை.

கவிதா ராசிபுரத்துப் பெண். ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். தொண்ணூற்றெட்டு தை மாதம் கல்யாணம். அந்த ஐப்பசியில் மழையும் மூடுபனியும் சேர்ந்து அடித்தபோது அவளுக்கு முதல் தலைவலி வந்தது. ஒரு மாத்திரை கொடுத்தேன். அரை மணி நேரத்தில் எழுந்து வந்து, “மந்திரம் போட்டாப்ல போயிருச்சுங்க” என்று சிரித்தாள். அதுவரை அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அந்த மாத்திரையை நான் சுத்தமான மனதோடுதான் கொடுத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மறு வருஷம் ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். “நீங்களும் கீழ வந்துருங்க. அங்கயே கடை வெச்சுக்கலாமுங்க” என்றாள். கீழே நாற்பது மருந்துக்கடை இருக்கிறது. அங்கே நான் நாற்பத்தொன்று. மேலே நான் ஒருவன். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? சரி போய் வா என்றேன். நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்கு முந்தைய ஒரு மாதமாகப் படிப்பும் கவலையுமாக அவள் தினமும் மாத்திரை கேட்டாள். நானும் கொடுத்தேன். கிளம்புகிற நாளில் பதற்றத்தில் மறந்துவிட்டாள். எங்கள் மலைச் சாலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபத்தோராவது வளைவில் தலை பிளக்கிறது என்று பஸ்ஸை நிறுத்தி இறங்கிக் குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். மேலே ஏறி வந்த அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். கடை வாசலில் நின்று, கையை நீட்டி, “ஏனுங்க, ஒரு மாத்தரை குடுங்க” என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வயிற்றில் ஏதோ ஒன்று இறங்கி அமைதியாக உட்கார்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சேந்தமங்கலத்திலிருந்து வாரம் ஒருமுறை வேனில் மருந்துப் பெட்டி கொண்டுவருகிறவர் ஹபீப் ரஹ்மான் பாய். பெரிய மனிதர், கறாரான ஆள். இரண்டாயிரத்தில் ஒருநாள், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது மட்டும் எப்படி இவ்வளவு போகுது?”

“கிழங்கு தோண்டுறவங்க வாங்குறாங்க பாய்.”

“பாத்துக் குடுங்க. ரெண்டு மூணு மருந்து ஒண்ணாச் சேத்தது. எப்பவாவது ஒண்ணுன்னா சரி. வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல போனா, மாத்தரையே தலைவலியைக் கொண்டாந்துரும். நிறுத்தினா ஒரு வாரம் ஆளைப் புரட்டும், அப்புறம் தானா விட்டுரும். என் மவ ஷாஹிஸ்தா இதுல மாட்டிக்கிட்டுத்தான் ரெண்டு வருசம் கெடந்தா. டாக்டரு நிறுத்தச் சொன்ன பொறகுதான் மனுசியானா. கிட்னிக்கும் ஆகாது தம்பி.”

தலையாட்டினேன். படித்தவன்தானே, எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று என் கடைக் காலண்டரிலேயே அச்சடித்திருந்தேன். அந்தக் காலண்டர் தாளில்தான் பொட்டலமும் கட்டினேன்.

அன்றே நிறுத்தினேன், டாக்டரம்மா. சரக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் பாயில் புரண்டாள். ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வெளிச்சம் வரும் ஜன்னலுக்குச் சாக்கு தொங்கவிட்டுக் கிடந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து எழுந்து குளித்தாள். சாக்கை அவிழ்த்துப் போட்டாள். எட்டாம் நாள் டிரங்குப் பெட்டியிலிருந்து சான்றிதழ்களை எடுத்து வெயிலில் உலர்த்தினாள். “பத்தரை மணி பஸ்ஸு இப்பவும் ராசிபுரம் போகுதுங்களா?” என்று கேட்டாள்.

அன்று மதியம் டீ நான் போட்டேன்.

கசப்பு தெரியாமலிருக்க இஞ்சி தட்டிப் போட்டேன். ஒரு மாத்திரைதான், நன்றாகப் பொடித்தது. பத்து நாள் அப்படிக் கொடுத்துவிட்டு ஒருநாள் விட்டேன். தலைவலி வந்துவிட்டது. அவளாகவே வந்து கை நீட்டினாள். அதன் பிறகு அவள் கேட்கிற நாளில் பொட்டலம், கேட்காத நாளில் டீ.

நான் அவளை ஒரு அடி அடித்ததில்லை. கதவைப் பூட்டியதில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரில் காளியண்ணன் பெண்டாட்டி மேல் கை ஓங்கும்போதெல்லாம், “டாக்டரைப் பாத்துக் கத்துக்கடா” என்றுதான் அவனைப் பெற்றவளே திட்டுவாள்.

கவிதா புத்திசாலி. இங்கிலீஷ் படிப்பாள். அட்டையின் பெயர்ப் பக்கம் அவள் கண்ணில் பட்டதே இல்லை என்பதால்தான் தப்பித்தேன். வெள்ளை, மஞ்சள் என்று இரண்டு நிறத்தில் மாற்றி மாற்றிக் கொடுப்பேன். ஒருநாள் அவளே, “தெனம் இதைத் திங்கறது நல்லதில்லீங்க. அந்த வெள்ளை மாத்தரை வேண்டாம், மஞ்சளே குடுங்க. அது லேசானதுதானுங்களே?” என்றாள். ஆமாம் என்றேன். வெள்ளையில் இருப்பதெல்லாம் மஞ்சளிலும் உண்டு. கூடவே காப்பியில் இருக்கிற சரக்கும் உண்டு. நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே அதேதான். வெள்ளையை விட்டுவிட்ட சந்தோஷத்தில் அவள் மஞ்சளை இரண்டாகக் கேட்டாள். மனம் கேட்காமல் கொடுத்தேன்.

கீழே இறங்கும் பஸ்ஸின் சத்தம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெகுநேரம் கேட்கும். அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு, விரல்விட்டு வளைவுகளை எண்ணுவாள். இருபத்தொன்று வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி அரிசியில் கை வைப்பாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தலைவலி வந்ததே இல்லை.

இந்த ஆடியில் பூபதி நோன்புக்கு அழைக்க வந்தார். தங்கையைப் பார்த்ததும் கொண்டுவந்த சீர்த்தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். “மாப்பிள்ளை, புள்ளைக்கு மொகமெல்லாம் வீங்கிக் கெடக்குது. காலைப் பாருங்க, அமுக்குனா குழி விழுகுது. உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்றார். தெரிந்தது. நாலு மாதமாகவே தெரிந்தது. ஜீப் பிடித்து அன்றே சேலத்துக்கு, உங்களிடம் கொண்டுவந்தார். வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். இருபத்தோராவது வளைவைத் தாண்டியது அவளுக்குத் தெரியாது.

என்ன மாத்திரை சாப்பிடுவார் என்று அன்றைக்கும் கேட்டீர்கள். எப்போதாவது ஒரு காய்ச்சல் மாத்திரை என்றேன். நீங்கள் நம்பவில்லை என்பது உங்கள் முகத்தில் தெரிந்தது. “வலிக்குன்னு ஒரு மாத்திரைகூட இவங்க வாயில போகக்கூடாது. அப்படி இருந்தா பாதி கிட்னியையாவது காப்பாத்திரலாம்” என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். ஒன்பது நாள் நானும் அப்படியே இருந்தேன்.

பத்தாம் நாள் காலையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைசீவிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். “தலை எவ்வளவு லேசா இருக்குது தெரியுமுங்களா? இப்படியும் இருக்கும்னே மறந்துபோச்சுங்க” என்றாள். பிறகு என்னைத் தாண்டிப் பூபதியைப் பார்த்தாள்.

“அண்ணா, நான் நம்ம ஊட்டுக்கே வந்தர்றேன். அந்த மலைக்கு இனி ஏற மாட்டேன்.”

“வா கண்ணு. அண்ணன் இருக்கறேன்” என்றார் அவர்.

இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை. ஆறு வருஷம் தலையைப் பிடித்துவிட்டவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, டாக்டரம்மா. எனக்கு வலித்தது. கோபம் வரவில்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்க இறங்கினேன்.

அன்றைக்கு இரண்டு. மறுநாள் நாலு. பன்னிரண்டாம் நாள் காலையில் இரண்டு, மாலையில் மூன்று. எல்லாமே மஞ்சள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும், பழக்கம். அவள் சிறுநீரகம் என்ன நிலையில் இருக்கிறது என்பதும், அந்த மாத்திரை அதை என்ன செய்யும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. மறுபடி தலை வலிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன். வெள்ளையில் பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும். மஞ்சளில் அவை இரண்டோடு கஃபீனும். நாலு வருஷமாகத் தினமும், குறைந்தது இரண்டு, பெரும்பாலும் நாலு. கம்பெனிப் பெயர் வேண்டுமென்றால் அட்டையின் மிச்சப் பாதி கடை மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. பூபதியை அனுப்பினால் எடுத்துவருவார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நர்ஸம்மா இரண்டு முறை வந்து தாளைக் கேட்டார். இதோ முடிந்துவிடும் என்றேன். இப்போது மூன்றாவது முறையாக வந்து, கவிதா கண் விழித்துவிட்டதாகவும், தலை வலிக்கிறது, மாத்திரை கொடுங்கள் என்று முனகுவதாகவும் சொல்கிறார். அவள் கூப்பிடுவது என்னைத்தான் என்பது பாவம், அவருக்குப் புரியவில்லை.