நாலு விரக்கடைப் பொறி

— கரண்டியை இன்னும் கிட்டக் கொண்டு வா. பயப்படாதே, அதோட வயரைத் தண்ணிக் குழாயிலதான் கட்டியிருக்கேன்.

— இதுக்கு மேல கிட்டப் போனா முத்தம்தான் குடுக்கணும் அண்ணி. ரெண்டு கிண்ணத்தைக் கவுத்து நீங்க செஞ்ச இந்த மொட்டைத்தலை மெஷின் முறைச்சுக்கிட்டே இருக்கே தவிர ஒரு பொறியும் தட்ட மாட்டேங்குது.

— நேத்து தட்டுச்சே. ரப்பர் பட்டை சுத்தச் சுத்த மின்சாரம் மேல ஏறி அந்த ரெண்டு கிண்ணத்துலயும் சேரணும், சேர்ந்து கரண்டிக்குப் பாயணும். நேத்து மூணு விரக்கடை பாஞ்சுது. இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு இதுக்கு?

— தையல் மெஷின் மோட்டார்தானே, களைச்சுப் போயிருக்கும்.

— மணி நாலே முக்கால். அஞ்சுக்கு எங்க காலேஜ் புரொஃபசர் இதைப் பார்க்க வர்றார். நாலு விரக்கடை காட்டினா நாளைக்குக் கண்காட்சியில எனக்குன்னு ஒரு மேசை. இல்லேன்னா பன்னெண்டு வருஷமா பார்க்கிற அதே வேலைதான். அவர் பிள்ளைங்களுக்குப் பொறி காட்டுவார், நான் லேப் ஓரமா துணியோட நிப்பேன்.

— அழாதீங்க அண்ணி.

— அழலை, யோசிக்கிறேன். காத்து வறண்டுதான் கிடக்கு. கிண்ணமும் சுத்தமா இருக்கு. ஏண்டி, இந்த ரப்பர் பட்டையில ஏன் என் மூஞ்சி தெரியுது?

— அதுவா. நீங்க குளிக்கப் போனப்போ ஓட்டிப் பார்த்தேன், கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. பாவமா இருந்துச்சு. கொஞ்சம் தடவி விட்டேன்.

— எதை?

— நம்ம பார்லர்ல முடிக்குத் தடவுற சீரம்தான். விலை ஒசந்தது. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் எடுப்பேன்.

— அந்தச் சீரம் தலைக்கு என்ன செய்யும்?

— சீவும்போது சில பேருக்கு முடி பிச்சுக்கிட்டுப் பறக்கும்ல, அது பறக்காம அடங்கி...

— ஏன் பறக்குது?

— சீப்பு உரசுறதுல கரண்ட்டு ஏறி... அண்ணி.

— சொல்லு, சொல்லு.

— அந்தக் கரண்ட்டு ஏறாம இருக்கத்தான் சீரமே.

— அதைக் கொண்டு போய் என் பட்டையில தடவியிருக்கே.

— ரெண்டு தடவை. அண்ணி, நீங்க சிரிக்கிறீங்களா, அடிக்க வர்றீங்களா?

— முதல்ல சிரிச்சுக்கிறேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எப்படி அடிக்கிறது? பட்டையைக் கழட்டு.

— இந்தாங்க. ஷாம்பு போட்டு அலசிட்டு, மேல லேசா கண்டிஷனர்...

— பாத்திரம் தேய்க்கிற சோப்பு போடு. வேற எதையாவது தொட்டே, உன் முடியைத்தான் பட்டையா மாட்டுவேன்.

— சரி சரி. அலசியாச்சு, ட்ரையரையும் முழு வேகத்துல விட்டாச்சு. இனி இதுல பொட்டு ஈரம் இருந்தா நான் கத்திரிக்கோலைக் கீழ வெச்சிடறேன்.

— மாட்டு. மோட்டாரைப் போடறேன். ம், சத்தமே மாறுது பாரு. நீ திரையை இழுத்துட்டு விளக்கை அணை, இருட்டுலதான் நீளம் தெரியும்.

— அணைச்சாச்சு. அம்மாடி. நீல நிறத்துல என்ன பாய்ச்சல் அண்ணி இது.

— நாலு. கரண்டியில சரியா நாலு. வா, இப்ப விரலை நீட்டு.

— இருட்டுல எப்படி வர்றது? நாற்காலி வேற எங்க கிடக்குன்னு தெரியலை.

— எறும்புக் கடிதான், வா சொல்றேன். ம், அப்படித்தான். மடக்காதே, நேரா நீட்டு. அசையாம நிக்கத் தெரியாதா உனக்கு? பாத்தியா, நாலரை. ஒரு சத்தம் போடலையே, பரவாயில்லையே நீ.

— அண்ணி.

— அடுத்த விரலை நீட்டு. இன்னும் கிட்ட. ஏன் இப்படிப் பின்வாங்குறே, மாடு மாதிரி வளர்ந்திருக்கே.

— அண்ணி, நான் இன்னும் சுவிட்ச் பக்கத்துலதான் நிக்கிறேன்.

— அப்போ இது யார் விரல்?

— நான்தாம்மா, புரொஃபசர். கதவு திறந்திருந்துச்சு, நீட்டச் சொன்னீங்க, நீட்டிட்டேன். நாளைக்கு உங்க மேசையில பிள்ளைங்க முன்னாடியும் இப்படியே அதட்டுங்க, நான் நீட்டுறேன்.